பீலிக்குப் பதினாலு சட்டம்

செயலாளர் மருமகனே, லயத்துச் சுவத்துல நீ ஒட்டுன தாளைப் படிச்சேன். பீலியில தண்ணி பிடிக்கப் பதினாலு கட்டுப்பாடு. பெரட்டுக்குப் போறவங்க அஞ்சு மணியிலருந்து அஞ்சரைக்குள்ள. ஒரு காம்பராவுக்கு நாலு வாளி. துணி துவைக்க ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் சோப்பு நுரை வாய்க்காலைத் தாண்டாம. மீறினா நூறு ரூபா அபராதம். அபராதம் எழுத ஒரு கொப்பி, கொப்பியைப் பார்க்க ஒரு உபகமிட்டி. வெள்ளைக்காரத் துரைமார் இத்தனை காலம் இருந்தும் இந்த நுரை விசயம் அவங்க மூளைக்கு எட்டலையே! எழுத்தும் பெருசு, கண்ணாடியே வேணாம். பதினாலாவதுக்கு மட்டும்தான் கண்ணாடி தேடினேன்: கமிட்டி உறுப்பினருக்கு அவசர நேரத்துல விலக்கு.

குறை சொல்றேன்னு நினைக்காத. சட்டம்னா எனக்கு ரொம்ப மரியாதை. 1948ல ஒரு சட்டம் வந்து, நீ எந்த நாட்டுக்காரன்னு என் அப்பாகிட்ட கேட்டுச்சு. நமுனுகுலைக்காரன்னார். அது பதிலில்லைன்னுட்டாங்க. மிச்சமிருந்த எல்லாருக்கும் சேர்த்துக் குடியுரிமைச் சட்டம் வர 2003 ஆச்சு. அப்பா அதுவரைக்கும் காத்திருக்கல, போய்ட்டார்.

உனக்கு அரிசிச் சோதனை தெரியாது. சிறிமா அம்மா காலம், எழுபதுகள். நாட்டுல அரிசி இல்ல. இல்லன்னு வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சட்டம் போட்டாங்க. ஒரு சில கொத்துக்கு மேல அரிசி கொண்டுபோகக் கூடாது, வாரத்துல ரெண்டு நாள் கடையில சோறு விக்கக் கூடாது. எங்க சின்னம்மாவுக்கு அப்போ வயசு அம்பதுக்கு மேல. மகியங்கனைப் பக்கம் போய் அரிசி வாங்கி, துணியில முடிஞ்சு வயித்துல கட்டிக்கிட்டு பஸ் ஏறுனா. சோதனைக்கு ஏறுன பொலிஸ்காரன் நரைச்ச தலையைப் பார்த்தான், வயித்தைப் பார்த்தான், பக்கத்துல உட்கார்ந்திருந்தவனை எழுப்பி விட்டு இவளுக்குச் சீட்டுக் குடுத்துட்டு இறங்கிப் போனான். சிரி, சிரி. 1974ல தோட்டத்துச் சனம் பட்டினியில செத்துச்சு, அதுக்குச் சிரிக்க முடியாது. சோதனைச் சாவடியில நின்ன ஆள் மட்டும் மெலிஞ்சதா நான் கேள்விப்படல.

பழைய கதைங்கிறியா? 2021 நேத்துதானே. கோட்டாபய ஐயா தேர்தலுக்கு முன்ன, பத்து வருசத்துல மெதுவா சேதனப் பசளைக்கு மாறுவோம்னார். மே மாசம் கெசட் வந்துச்சு, இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. பத்து வருசம் ஒரு ராத்திரியில முடிஞ்சு போச்சு! டொலர் இல்லன்னு சொன்னா வெக்கம், மண்ணுக்கு நல்லதுன்னு சொன்னா பெருமை. வெலிமடையில உருளைக்கிழங்குக்காரன் தலையில கைய வெச்சான். நம்ம மலையில இலை மஞ்சளிச்சுது. நாட்டுல 2021ல 30 கோடி கிலோ அளவுக்கு வந்த தேயிலை, அடுத்த வருசம் 25 கோடிக்கு இறங்கிடுச்சு. நவம்பர்லயே தடையை எடுத்துட்டாங்கதான். தடை போன வேகத்துல பசளை வரல, வந்தப்போ விலையைக் கேட்டவன் மூட்டையைத் தொடாமலே வீட்டுக்குப் போனான்.

அதுக்கும் முன்ன, 2015ல புல்லு மருந்தைத் தடை பண்ணுனாங்க, சிறுநீரகத்துக்குக் கெடுதின்னு. அந்தப் பயம் பொய்னு நான் சொல்ல மாட்டேன், மருந்து அடிச்ச கை இது. ஆனா மருந்துக்குப் பதிலா சொரண்டி பிடிக்க ஆள் வேணுமே, அந்த ஆள் எங்கன்னு யாரு கேட்டா? பொடியன்கள் பூராவும் கொழும்புக் கடையில. புல்லு இடுப்பு வரைக்கும் ஏறுச்சு. உங்க அத்தை படங்கைக் கட்டிக்கிட்டு அதுக்குள்ள இறங்குவா. காலுல அட்டை, தலைக்கு மேல குளவிக்கூடு. குளவிக்குக் கெசட் படிக்கத் தெரியாது. 2018ல தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் விட்டுக் குடுத்தாங்க.

கவனிச்சியா மருமகனே? சாமான் தீர்ந்து போன இடத்துலதான் சட்டம் முளைக்குது.

எல்லாச் சட்டமும் அப்படித்தான்னு சொன்னா என் வாய் அழுகிடும். 2022ல பெட்ரோல் வரிசையில நாள்கணக்காப் படுத்துக் கிடந்த நம்ம ஆட்டோக்காரப் பயல், போன்ல கியூஆர் காட்டிப் பெட்ரோல் அடிக்கிற பங்கீடு வந்த பிறகுதான் வீட்டுல தூங்கினான். ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர், பைக்குக்கு 4. கொஞ்சம்தான், ஆனா பெரிய இடத்துக்கு வேண்டியவனும் அதே போனை நீட்டணும். அந்தச் சட்டத்துல உன் பதினாலாவது விதி இல்ல பாரு. பெட்ரோல் தாராளமானதும் 2023 செப்டம்பர்ல அதை நிப்பாட்டியும்ட்டாங்க. போட்ட சட்டத்தை வேலை முடிஞ்சதும் எடுத்துட்டாங்கங்கிறதை என்னால இன்னும் நம்ப முடியல.

பிரதேச சபைக் கதையும் கேட்டுக்க, நாளைக்கு நீ அங்கதான் போவ, உன் நடையே சொல்லுது. 1987ல வந்த அந்தச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு, சபைக் காசு தோட்டத்துக்குள்ள வராம குறுக்கே நின்னுச்சு. ஓட்டுப் பெட்டி மட்டும் தாராளமா வந்துச்சு. லைட்டுக் கம்பம் கேட்டா, "செய்ய ஆசைதான் ஐயா, சட்டம் விடாது"ன்னு கையை விரிப்பாங்க. 2018ல அதைத் திருத்தினப்போ சிலர் முகம் வாடிப் போச்சு. இத்தனை வருசம் உழைச்ச சாக்கு, பாவம்.

சரி, உன் தாளுக்கு வர்றேன். பீலியில சண்டை ஏன்? தண்ணி குறைஞ்சுச்சு. ஏன் குறைஞ்சுச்சு? மூணாம் நம்பர் மலையில, தொட்டிக்குக் கீழ குழாய் வெடிச்சுக் கிடக்கு. பாதித் தண்ணி கித்துல் மரத்தடியில ஓடுது. மாசக்கணக்கா காட்டுப்பன்னி வந்து குளிச்சிட்டுப் போவுது. அதுக்கு அஞ்சு மணியா, அஞ்சரையா? எத்தனை வாளி? நம்ம சனம் வாளியை வெச்சுக்கிட்டு அடிச்சிக்குது, நீ கொப்பி வாங்கக் கடைக்குப் போற.

நாளைக்கு விடியக்காலையில வா. பழைய சைக்கிள் டியூப் என்கிட்ட கிடக்கு, கம்பியும் இருக்கு. உபகமிட்டியையும் கூட்டிட்டு வா, மண்ணு தோண்ட ஆள் வேணும். பேனாவை வீட்டுல வெச்சிட்டு, உங்க அப்பன் குறடு ஒண்ணு வெச்சிருந்தான்ல, அதை எடுத்துட்டு வா.