கார்ட்ரிட்ஜ் மாமா

ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் மாமா உண்டு. உத்தர வீதியில் இருக்கலாம், சித்திரை வீதியில் இருக்கலாம், அடையவளைஞ்சானில் புதிதாக எழும்பிய ஃபிளாட்டின் இரண்டாம் மாடியிலும் இருக்கலாம். அடையாளம் சுலபம். கூடத்தில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டடி மீன்தொட்டி இருக்கும். உள்ளே ஒரே செடிக்காடு. "மீன் எங்கே மாமா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு மீன் இரண்டாம் பட்சம். தொட்டியின் முதுகில் தொங்கி ஓயாமல் தண்ணீர் கொட்டும் ஃபில்டரைக் காட்டி, "முதல்ல இதைச் சேவியுங்கோ" என்பார்.

மாமா அநேகமாகப் பெல்லில் ரிட்டயர் ஆனவர். 1965-ல் திருவெறும்பூரில் உற்பத்தியைத் தொடங்கிய கொதிகலன் ஆலை அது. கொதிகலனுக்குள் போகும் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் குழாய் அரித்துவிடும், ஆகவே முன்னதாகவே அதை விரட்டிவிட வேண்டும் என்பது அந்தச் சாஸ்திரத்தின் பாலபாடம். சர்வீஸ் முழுக்க ஆக்சிஜனைப் பகையாளியாகப் பாவித்தவர், இப்போது பென்ஷன் பணத்தில் பம்பு வாங்கி அதையே தண்ணீருக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

முதலில் மாமி சம்மதிக்கவில்லை. "நம்மாத்துல மீனா?" என்றாள். மாமா தசாவதாரத்தில் முதல் அவதாரத்தை ஆஜர்படுத்தினார். சத்யவிரதன் கமண்டலத்தில் விட்ட மீன் ஒரே ராத்திரியில் வளர்ந்து இடம் போதவில்லை என்று முறையிட்ட கதை மாமிக்குத் தெரியும். அதற்கு மாமா எழுதிய வியாக்கியானம்தான் புதிது. "தொட்டியைச் சின்னதா வாங்கப்படாதுன்னு பகவானே அன்னிக்குச் சொல்லிட்டார்." மாமி அடங்கினாள். மீன் தூள் கலந்த தீனி டப்பாவுக்கு மட்டும் இன்றுவரை பால்கனியில்தான் வாசம்.

அசல் யுத்தம் அதற்குப் பிறகு வந்தது. அலம்பாத பாத்திரமும் அலம்பாத காலும் உள்ளே நுழைய முடியாத வீடு அது. அந்த வீட்டின் நடுக்கூடத்தில், பழுப்பேறி, தொட்டால் வழவழக்கும் ஒரு ஃபில்டர் பஞ்சை "அலம்பப்படாது" என்று மாமா காவல் காக்கிறார். மடி விழுப்பு பார்க்கும் ஊரில் அழுக்குக்காக வாதாட ஒருவர் கிளம்பினால் அவர் பாடு என்னவாகும்?

மாமாவின் கட்சியில் நியாயம் இருக்கிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிவிட்டால் மீன் பிழைத்தது. செடிக்கும் உரம் கிடைத்தது. இந்த பாக்டீரியாவில் பெரும்பங்கு தண்ணீரில் மிதப்பதில்லை. பஞ்சில் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. புதுத் தொட்டியில் அந்தக் குடித்தனம் நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மாமா அதை ரவுண்டாக ஒரு மண்டலம் என்பார். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே பக்கத்து இலைக்காரரிடம், "நைட்ரோபாக்டர்னு பழைய புஸ்தகத்துல போட்டிருப்பான், நம்பாதீங்கோ. மீன்தொட்டியில அந்த வேலையைப் பண்றது நைட்ரோஸ்பைரா ஜாதின்னு 1998-லயே சொல்லிட்டான்" என்பார். பக்கத்து இலைக்காரர் மோர் வேண்டாமென்று எழுந்துவிடுவார்.

மாமாவின் ஜன்ம விரோதி கார்ட்ரிட்ஜ் பாக்கெட்டின் பின்பக்கம். "மாதம் ஒரு முறை மாற்றவும்" என்று அங்கே அச்சிட்டிருக்கும். கார்ட்ரிட்ஜ் என்பது என்ன? பாலியஸ்டர் பஞ்சில் ஒரு பை, அதற்குள் ஒரு பிடி கரி. பல நேரம் கொட்டாங்குச்சிக் கரிதான். சில வாரங்களில் கரியின் நுண்துளைகள் நிரம்பிவிடும். அதற்குமேல் அது கரியாக வேலை செய்யாது. அதற்காகப் பஞ்சையும் சேர்த்துக் குப்பையில் போடச் சொன்னால் மாமா விடுவாரா? "கரி செத்துப்போச்சுன்னா குடியிருக்கறவாளை எதுக்குக் காலி பண்ணணும்?"

ஆகவே அவர் வீட்டில் சத்திரசிகிச்சை நடக்கும். பழைய பிளேடால் பையின் ஓரத்தைக் கீறி, கரியை நந்தியாவட்டைத் தொட்டியில் கொட்டி, வெறும் பையில் ஸ்பாஞ்சுத் துண்டைச் சொருகுவார். பஞ்சு நைந்துவிட்டால் புதியதைப் பழையதன் பக்கத்திலேயே வைத்துச் சில வாரம் ஓடவிட்டு, குடித்தனம் இடம் மாறிய பிறகே பழையதை எடுப்பார். பாக்டீரியா ஒட்டுவதற்கு இடம் அதிகம் என்று, பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் ஃபில்டருக்குள் போகும். அதைச் சமையலறையில் தேடும்போதெல்லாம் மாமி, "ஏன்னா!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். மாமா உடனே வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் புறப்படுவார்.

பஞ்சை அவர் அலம்பவே மாட்டார் என்பது அபவாதம். அடைத்துக்கொண்டு நீரோட்டம் குறைந்தால் அலம்புவார். வாராவாரம் தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரிலேயே முக்கி, ரெண்டு பிழி. குழாயடிக்கு மட்டும் கொண்டு போக மாட்டார். ஊருக்குக் குழாயில் வருவது காவிரி, கொள்ளிடம் மணலில் இறக்கிய கிணறுகளின் நீர். அதில் குளோரின் கலந்திருக்கும். நம் வயிற்றைக் காப்பாற்றும் குளோரின் பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. "காவேரி மணலே ஒரு கார்ட்ரிட்ஜ்தான் ஓய்! கரிகாலன் காலத்துலேர்ந்து யாராவது மாத்தினாளா? எடுத்துண்டு போகத்தான் லாரி வந்தது" என்பார்.

வடகலை, தென்கலை பேதம் இந்த ஊருக்குப் புதிதில்லை; மீன்தொட்டிக்கும் அது உண்டு. ஃபில்டரை விடாமல் பற்றினால்தான் கதி என்கிற மாமா, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் மர்க்கட நியாயக்காரர். தில்லைநகரில் இருக்கும் அவருடைய பழைய சகா, தொட்டிக்கு அடியில் தோட்டத்து மண்ணைப் போட்டு, செடியை அடர்த்தியாக நட்டு, ஃபில்டரைக் கழற்றிப் பரணில் எறிந்தவர். அம்மோனியாவைச் செடியே நேராகச் சாப்பிட்டுவிடும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி மாதிரி நாம் சும்மா இருந்தால் போதும் என்பது அவருடைய மார்ஜார நியாயம். 1999-ல் டயானா வால்ஸ்டட் எழுதிய புத்தகம் அவருக்கு வேதம். இருவரும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் சந்தித்தால் வாதம் இருட்டும் வரை நடக்கும். இரண்டு தொட்டியிலும் மீன் சௌக்கியமாக இருப்பதுதான் இருவருக்கும் உள்ள ஒரே குறை.

மாமாவிடம் வைத்தியத்துக்கும் ஆள் வரும். புதிதாகத் தொட்டி வைத்த ஐ.டி. பையன் ஒருவன் வந்து, "தண்ணி கலங்கிடுச்சு சார். கார்ட்ரிட்ஜை மாத்திட்டேன், தொட்டியையும் நல்லா கழுவிட்டேன்" என்பான். மாமா துக்கம் விசாரிக்கும் குரலில், "எத்தனை போச்சு?" என்பார்.

காலையில் பேப்பர் வந்தால் மாமா முதலில் பார்ப்பது "நாளைய மின்தடை" பகுதியைத்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் நின்றால், ஓட்டமில்லாத ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சு முட்டித் தவிக்கும். போதாக்குறைக்குத் திருச்சி வெயில். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 35 டிகிரியில் 7-க்கு இறங்கிவிடும். அதனால் பேட்டரி பம்பு எப்போதும் தயார் நிலையில் இருக்கும். கரண்ட் போனால் மாமிக்கு விசிறி மட்டை; மீனுக்கு பம்பு.

இத்தனை கட்டுக்காவலுக்கும் சோதனை, பெங்களூரில் பேரனுக்கு ஆண்டு நிறைவு என்று போன் வரும்போது. பத்து நாள் தொட்டியை யாரிடம் விடுவது? எதிராத்து மாமி கேட்காமலே ஒத்தாசைக்கு வருவாள். வாசலை மூன்று தரம் அலம்புகிற கை அது. ஃபில்டரைப் பார்த்தால் சும்மா இருக்குமா? மாமா நாசூக்காகத் தட்டிக் கழிப்பார். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, "நான் பளிச்சுனு கழுவி வைக்கிறேன் சாமி" என்றதும் மாமாவுக்கு வியர்த்துவிடும். கடைசியில் தெருவிலேயே ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாதவன் என்று பெயரெடுத்த பையனைத் தேடிப்பிடித்துச் சாவியைக் கொடுப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை தீனி, கரண்ட் வந்தால் ஃபில்டர் ஓடுகிறதா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான் உத்தியோகம்.

திரும்பி வந்து, தண்ணீரை முகர்ந்து, பஞ்சைத் தொட்டுப் பார்த்து, திருப்தியான பிறகு பையனின் அப்பாவைத் தேடிக்கொண்டு போய் நற்சான்று வழங்குவார். "உங்க பிள்ளை பத்து நாளா ஒண்ணுமே பண்ணலை சார். ரொம்பப் பொறுப்பான பையன்!"