ஹார்ட்லிபூல் மகாத்மியம்

ஸ்வஸ்திஸ்ரீ! கடனே கருவூலமாகவும், கடைசி இடமே அரியணையாகவும், மழைச்சேறே ரத்தினக் கம்பளமாகவும், ஓசியில் கிடைத்த ஆட்டக்காரர்களே நால்வகைப் படையாகவும் கொண்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்து ஹார்ட்லிபூல் யுனைடெட் என்னும் கால்பந்து அணியை, வீட்டார் உறங்கிய பின் லேப்டாப் வழியே ஆண்டருளிய கோமானுக்கு யாண்டு மூன்றாவது. பட்டியலில் அணி இருபத்திரண்டாவது.

அந்தக் கோமான் நான்தான். கல்லில் வெட்ட ஆள் கிடைக்காததால் நானே எழுதிக்கொள்கிறேன்.

கால்பந்து மேலாளர் விளையாட்டு என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: இதில் பந்தை உதைக்க முடியாது. ஆட்டக்காரர்களை வாங்கலாம், விற்கலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லலாம், சொன்ன இடத்தில் நிற்காததைப் பார்த்துப் பல்லைக் கடிக்கலாம். கடைசியில் நிர்வாகக் குழு கூடி உங்களை வீட்டுக்கு அனுப்பும். கல்யாண மண்டபத்தில் வேட்டியை மடித்துக் கட்டி ஓடுகிற தாய்மாமன் வேலை. பொறுப்பெல்லாம் உங்களுடையது, தாலி கட்டுவது வேறு ஆள்.

இதில் புத்திசாலிகள் மான்செஸ்டர் சிட்டியை எடுப்பார்கள். அதில் கோப்பை வாங்குவது கோடீஸ்வரன் வீட்டுக் கல்யாணத்தில் நூற்றொரு ரூபாய் மொய் எழுதுகிற மாதிரி. யார் கண்ணிலும் படாது. ஓட்டைக் குடிசைக்குக் கீற்று மாற்றித் தந்தால்தான் ஊர் பேசும். இந்த ஞானம் என்னுடையது இல்லை. 1982ல் கெவின் டாம்ஸ் என்பவர் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற விளையாட்டை வெளியிட்டு, அட்டையில் தன் தாடி முகத்தையே அச்சடித்துக்கொண்டபோது விதியையும் எழுதிவிட்டார்: எந்த அணியை எடுத்தாலும் நான்காம் டிவிஷனில்தான் தொடக்கம். லிவர்பூலை எடுத்தாலும் அதேதான். சமதர்மம் என்றால் அது. ஆட்டக்காரர்கள் தீக்குச்சிக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பார்கள். அவர்கள் கோல் போட்டால் திரைக்கு இந்தப் பக்கம் பெரிய மனிதர்கள் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார்கள்.

பத்தாண்டு கழித்து, 1992ல், பால், ஆலிவர் என்ற காலியர் சகோதரர்கள் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ வந்தது. அதில் தீக்குச்சி கூட இல்லை. வெறும் எழுத்தில் வர்ணனை ஓடும். படம் அசையவில்லையே என்று முன்னமே ஒரு பெரிய கம்பெனி இதைத் திருப்பி அனுப்பியிருந்தது. பின்னாளில் சகோதரர்களுக்கும் பதிப்பாளருக்கும் பாகப்பிரிவினை. பதிப்பாளர் பெயரை எடுத்துக்கொண்டார். சகோதரர்கள் நிரலை எடுத்துக்கொண்டார்கள். வீட்டை வைத்துக்கொண்டு வாசல் பெயர்ப்பலகையைக் கொடுத்துவிட்ட கதை. 2004ல் அந்த வீட்டுக்குப் புதுப் பலகை மாட்டினார்கள்: ‘ஃபுட்பால் மேனேஜர்’. டாம்ஸ் வைத்த அதே பெயர். நான் ஆண்டது இந்த வம்சத்தில்.

உள்ளே நுழைந்ததும் உங்கள் பூர்வாசிரமம் கேட்பார்கள். சர்வதேச ஆட்டக்காரரா, தொழில்முறை ஆட்டக்காரரா, ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவரா? அதற்கும் கீழே ஒரு கட்டம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டேன். அன்று தொடங்கிய ஆட்சி. ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத ராஜா என்ற பழி வேண்டாமே என்று ஹார்ட்லிபூலின் தல புராணத்தைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு, என் கணினியில் நடப்பதுதான் நிஜம், அந்த ஊரில் நடந்ததெல்லாம் யாரோ ராத்திரி கண் விழித்து ஆடிய ஆட்டம் என்று தோன்றிவிட்டது.

குரங்குப் படலம்

நெப்போலியன் காலத்துச் சண்டையின்போது ஹார்ட்லிபூல் கரையோரம் ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைந்தது என்பது கதை. கரை ஒதுங்கிய ஒரே ஜீவன் சீருடை மாட்டிய குரங்கு. ஊர்க்காரர்கள் அதுவரை குரங்கையும் பார்த்ததில்லை, பிரெஞ்சுக்காரனையும் பார்த்ததில்லை. மணலிலேயே பஞ்சாயத்து கூடியது. கேட்ட கேள்விக்குக் குரங்கு புரியாத பாஷையில் பதில் சொன்னது. பிரெஞ்சு ஒற்றன்தான், சந்தேகமில்லை என்று தூக்கில் போட்டுவிட்டார்கள். இன்றுவரை எதிரணி ரசிகர்கள் அவர்களைக் ‘குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களும் பட்டம் கிடைத்த மாதிரி சிரித்துக்கொள்கிறார்கள்.

ஆட்களைப் பார்த்து எடைபோடும் திறமை அந்த ஊரில் இந்த லட்சணத்தில் இருக்க, நான் அங்கே போய் ஆள் எடுக்கிறேன். நானும் கிட்டத்தட்ட அதே தப்பைத்தான் செய்தேன். திசை மட்டும் மாற்றம்: அறிக்கையில் ‘வேகம், துள்ளல், எங்கும் தாவுவார்’ என்று இருந்தவனைப் பெரிய ஸ்ட்ரைக்கர் என்று நினைத்து ஒப்பந்தம் போட்டேன்.

குரங்கு சும்மா விடவில்லை. அணியின் கோமாளிச் சின்னமே குரங்கு வேஷம்தான். அந்த வேஷத்துக்குள் இருந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் என்ற இளைஞர் 2002ல் மேயர் தேர்தலில் நின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது வாக்குறுதி. ஜெயித்துவிட்டார். 2005லும் ஜெயித்தார், 2009லும் ஜெயித்தார். தூக்கில் போட்ட குரங்குக்கு மூன்று முறை ஓட்டுப்போட்டுப் பிராயச்சித்தம் தேடிய ஊர் உலகத்தில் வேறு இருக்காது.

குண்டுப் படலம்

1916 நவம்பரில் ஜெர்மானியரின் ஸெப்பலின் வான்கப்பல் ஒன்று ஹார்ட்லிபூல் மேல் பறந்து குண்டு போட்டது. துறைமுகம் இருக்கிற ஊர், கப்பல் கட்டுகிற ஊர். குண்டு விழுந்தது எங்கே என்றால், அணியின் விக்டோரியா பார்க் மைதானத்தின் மரப் பார்வையாளர் மாடத்தில். கடைசி இடத்து அணிக்கு எதிரியின் குண்டு கூடச் சரியாகக் குறிவைத்து வருகிறது பாருங்கள். குண்டு போட்ட வான்கப்பலைப் பிரிட்டிஷ் விமானம் கடல்மேல் சுட்டு வீழ்த்தியது.

போர் முடிந்ததும் அணி நிர்வாகம் பேனாவை எடுத்தது. ஜெர்மன் அரசாங்கத்துக்குக் கடிதம்: எங்கள் மாடத்துக்கு 2,500 பவுண்டு நஷ்டஈடு கொடு. வெர்சாய் உடன்படிக்கையில் உலகமே ஜெர்மனியிடம் கைநீட்டிக்கொண்டிருந்த நேரம்; வரிசையின் கடைசியில் இவர்கள். அந்தக் காசு வரவே இல்லை. இடிந்த இடத்தில் ‘தற்காலிகமாக’ ஒரு மர மாடம் கட்டினார்கள். அது 1980கள் வரை நின்றது. தற்காலிகம் என்ற சொல்லின் உண்மையான பொருள் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கணினி ஆட்சியில் மைதானத்தைச் சீரமைக்க நிர்வாகக் குழுவிடம் மனுப் போட்டேன். நிதி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. பெர்லினிலிருந்து வராத காசைவிட அது வேகம்.

கும்பிடு படலம்

இப்போது நான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் தோற்றுப்போனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப் போய், தோல்வியே நடக்காத மாதிரி மறுபடி ஆடலாம். ரீலோடு. யாருக்கும் தெரியாது, மனசாட்சிக்கு மட்டும் தெரியும். இதைச் செய்கிறவன் உண்மையான மேலாளர் இல்லை என்பது இந்தக் குலத்தின் ஆசாரம்.

கூச்சத்தோடு இருந்த எனக்கு அணியின் வரலாறே அபயம் தந்தது. 1987க்கு முன்பு இங்கிலாந்து லீக்கின் அடிமட்டத்திலிருந்து யாரும் தானாகக் கீழே விழ மாட்டார்கள். கடைசி இடங்களில் முடித்த அணிகள் வருடாந்திரக் கூட்டத்தில் மற்ற அணிகள் முன்னால் நின்று, ‘எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஓட்டுக் கேட்க வேண்டும். வெளியே சின்ன லீக்கில் ஜெயித்த அணிகள் வாசலில் காத்திருக்கும். உள்ளே இருப்பவர்களோ, நாளைக்கு நமக்கும் இதே கதி வரலாம் என்ற தீர்க்கதரிசனத்தோடு பெரும்பாலும் பழைய முகத்துக்கே கை தூக்குவார்கள். ஃபெயிலான பையனின் அப்பா ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வாழைத்தாரோடு போவது மாதிரி.

ஹார்ட்லிபூல் அப்படிக் கும்பிட்டு நின்றது 14 முறை. லீக்கின் சாதனை அது. 14 முறையும் உள்ளே எடுத்தார்கள். வெள்ளைக்காரன் கோட்டு சூட்டு போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, கையெழுத்துப் போட்டுச் செய்த ரீலோடு! நான் லுங்கியில் செய்தால் மட்டும் தப்பா?

ஓட்டுநர் படலம்

1965 அக்டோபரில் ஒரு முப்பது வயதுக்காரர் இந்த அணிக்கு மேலாளராக வந்தார். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டு, முழங்கால் போய், ஆட்டத்தை விட்டவர். பெயர் பிரையன் க்ளஃப். கூடவே பீட்டர் டெய்லர் என்ற துணை. கஜானாவில் காசு இல்லை. கிளப் கிளப்பாகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். பேருந்து ஓட்டும் உரிமமும் வாங்கிக்கொண்டார், அணியின் பஸ்ஸைத் தானே ஓட்டிப்போகலாமே என்று. அணி நிர்வாகத் தலைவர் இவரை வேலையை விட்டு நீக்கப் பார்த்தார். இவர் போக மறுத்தார். கடைசியில் போனது தலைவர். இப்படியொரு பொத்தான் என் விளையாட்டில் இல்லை. தேடிவிட்டேன்.

பதினாறு வயதுப் பள்ளிப் பையன் ஒருவனை அணியில் ஆடவிட்டார் க்ளஃப். ஜான் மெக்கவர்ன். நாங்கள் கணினியில் விடிய விடியத் தேடுவது இப்படியொரு பொடியனைத்தான். க்ளஃப் 1967ல் டெர்பிக்குப் போனபின் அவனையும் கூட்டிக்கொண்டார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் கூட்டிப்போனார். 1979, 1980 என அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளைக் கையில் வாங்கிய ஃபாரஸ்ட் கேப்டன் அந்தப் பொடியன்தான். இதை நான் என் சேமிப்பில் செய்து காட்டியிருந்தால், ‘ஏமாற்றியிருக்கிறான்’ என்று நண்பர்கள் காறித் துப்பியிருப்பார்கள்.

கோலிப் படலம்

1987ல் கும்பிடு ஒழிந்தது. கடைசியில் வந்தால் கீழே போ, அவ்வளவுதான். ஹார்ட்லிபூல் அதன் பிறகும் முப்பது வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. 2017 மே மாதம், கடைசி நாள் ஆட்டத்தில் டான்காஸ்டரை 2-1 என்று ஜெயித்தும் விட்டது. ஆனால் வேறொரு மைதானத்தில் நியூபோர்ட் அணி 89வது நிமிடத்தில் கோல் போட்டுத் தப்பித்தது. 96 ஆண்டு லீக் வாழ்வு முடிந்தது. எதிரே இல்லாத எதிரியிடம் தோற்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

நான்கு வருடம் கழித்து, 2021 ஜூனில், மேலே ஏறுவதற்கான இறுதி ஆட்டம். எதிரணி டார்க்கீ. 1-0 என்று முன்னிலை. 90 நிமிடம் முடிந்து இழப்பீட்டு நேரமும் தீரப் போகிறது. அப்போது டார்க்கீயின் கோலி லூகாஸ் கோவோலன் தன் கோல் கம்பத்தை அனாதையாக விட்டு இந்தப் பக்கம் ஓடிவந்து, 95வது நிமிடத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டார். கோலி! என் கணினியில் நடந்திருந்தால் விளையாட்டில் ஏதோ கோளாறு என்று புகார் எழுதியிருப்பேன். ஹார்ட்லிபூல் எழுதவில்லை, பெனால்டியில் 5-4 என்று ஜெயித்து லீக்குக்குத் திரும்பியது. அந்தச் சூட்டில்தான் நான் அணியை எடுத்தேன். என் ராசியோ என்னவோ, நிஜ அணி 2023ல் மறுபடி கீழே இறங்கிவிட்டது.

மங்களம்

என் மூன்றாம் ஆண்டின் கடைசி ஆட்டம். கடைசி இரண்டு இடம் என்றால் வீழ்ச்சி. டிரா செய்தால் தப்பிக்கலாம். தோற்றேன். ரீலோடு. தோற்றேன். ரீலோடு. 14வது முறை தோற்றபோது, அணியின் சாதனையைச் சமன் செய்த பெருமிதம் வந்தது. பதினைந்தாவதில் டிரா. இருபத்திரண்டாம் இடம். கையை உயர்த்தித் திரும்பினால், பின்னால் மனைவி. மணி நாலரை.

அன்று காலையே வீட்டில் வருடாந்திரக் கூட்டம் கூடியது. குற்றப்பத்திரிகை: கேஸ் சிலிண்டருக்குப் பதியவில்லை, கரண்ட் பில் கட்டவில்லை, மூன்று வாரமாகத் தூக்கத்தில் யாரையோ ‘பின்னால போ, பின்னால போ’ என்று அதட்டுகிறார்.

“ஏண்டா, இதுக்கு அவங்க காசு குடுக்கிறாங்களா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

“ஓசியிலயாடா திட்டு வாங்குற?”

க்ளஃப் கதையை எடுத்துச் சொன்னேன். குரங்கையும் சொன்னேன். ஓட்டெடுப்பு நடந்தது. மனைவி எதிர்ப்பு. ராத்திரியில் ஒருத்தன் முழித்திருந்தால் வீட்டுக்குக் காவல் என்ற கணக்கில் அம்மா ஆதரவு. மகளின் ஓட்டில் தொங்கியது ராஜ்ஜியம்.

“எனக்கு அஞ்சரைக்கு டியூஷன் இருக்கு. அப்பா எப்படியும் அந்நேரம் முழிச்சுதான் இருக்காரு. தினம் கொண்டுபோய் விடுவாருன்னா இருந்துட்டுப் போகட்டும்.”

க்ளஃப் இதற்காகத் தனியாக உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்கூட்டரை உதைத்தேன். இருட்டில் பின்னால் உட்கார்ந்து, புத்தக மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“அந்த டீம் ஜெயிக்கவே ஜெயிக்காதாப்பா?”

“நமக்குக் கீழே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கம்மா” என்றேன்.