கன் மாஸ்டர்

டயர் கடைக்கு முதலாளி என்று ஒருவர் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருப்பார், பில் போடுவார், ஜிஎஸ்டி நம்பர் கேட்டால் மேசை விரிப்புக்கு அடியில் தேடுவார். அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல், கரூர் என்று போகிற நெடுஞ்சாலையில் எந்த டயர் கடை முன்னால் லாரி நின்றாலும், டிரைவர் கீழே குதித்துக் கேட்கிற முதல் கேள்வி, “மாஸ்டர் இருக்காருங்களா?” என்பதுதான். மாஸ்டர் என்றால் சக்கர நட்டைக் கழற்றி மாட்டுகிற ஏர் கன் பிடிக்கிறவர்.

லாரிக்கு பாடி கட்டவும் கேஸ் டேங்கருக்கும் பேர்போன சீமை அது. பக்கத்துத் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். சக்கரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் மாஸ்டருக்கும் பஞ்சமில்லை. வயது முப்பத்தைந்தும் இருக்கலாம், ஐம்பத்தைந்தும் இருக்கலாம். கிரீஸுக்குப் பின்னால் சரியாகத் தெரியாது. தலையில் சுற்றிய துண்டு, மேல் பொத்தான் இரண்டு போன காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கையில் இருக்கிற கன் பத்து கிலோவுக்கு முன்னேபின்னே இருக்கும். அது நழுவினால் நேராக விழப்போகிற இடத்தில்தான் அந்தச் செருப்பு இருக்கிறது. “ஷூ போட்டா கால் வேகுதுங்” என்பார். கம்பெனிக்காரன் கொடுத்த பாதுகாப்பு ஷூவை மச்சான் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர் அவர்.

வேலை தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. கன்னை வானத்தைப் பார்க்கத் தூக்கி, விசையை இரண்டு தரம் அழுத்துவார். ட்ர்ர்ர்ர்... ட்ர்ர்ர்ர். வரிசையில் நிற்கிற டிரைவர்களுக்கு அது வணக்கம், எதிர்க்கடை மாஸ்டருக்கு அது சவால். கன்னின் முனையில் இருக்கிற சாக்கெட்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் பின்னும், அதன் மேல் ஒரு ரப்பர் வளையமும்தான். நட்டில் உட்காராமல் வெறுமனே சுழலவிட்டால், அந்தப் பின் சரியாக இல்லாத பட்சத்தில் சாக்கெட் தன் வழியில் கிளம்பிவிடும். மாஸ்டரின் கன்னில் பின் இருக்கிற இடத்தில் நறுக்கிய ஆணி இருக்கிறது. வளையம் இருக்கிற இடத்தில் டிவிஎஸ் 50 டியூபிலிருந்து வெட்டிய துண்டு. “ஒரிஜினலைவிட இதுதானுங்க பிடிக்கும்” என்று அவர் சொல்லும்போது, கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்வார்கள்.

சாக்கெட் விஷயத்திலும் அவருக்கு அழகுணர்ச்சி அதிகம். கன்னுக்கென்று வருகிற சாக்கெட் கறுப்பாக இருக்கும். குரோம் மாலிப்டினம் கலந்த உருக்கு, சுவர் தடிப்பு, அடியைத் தாங்கி வாங்கிக்கொள்ளும். கைச் சாவிக்கென்று வருகிறது பளபளவென்று முலாம் பூசியிருக்கும்; கெட்டி அதிகம், ஆனால் அடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் சில்லு சில்லாகத் தெறிக்கும். மாஸ்டர் பளபளப்பையே எடுப்பார். பெண் பார்க்கப் போனாலும் சாக்கெட் வாங்கப் போனாலும் நம்மூரில் கறுப்புக்கு மவுசு கிடையாது.

இந்தக் கன் வருவதற்கு முன்னால் அவரும் வீல் ஸ்பேனர் பிடித்தவர்தான். நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் ஒரு ஆள் நீளப் பைப்பைச் சொருகி, கிளீனர் ஒருபக்கம் அழுத்த, டிரைவர் மேலே ஏறிக் குதிக்க, எதிர்பாராத நேரத்தில் நட்டு இளகி எல்லோரும் மண்ணில் உருள்வார்கள். கஷ்டம்தான். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தோளுக்கும் முழங்காலுக்கும் தெரியும். கன் அந்தக் கணக்கைக் கைக்குச் சொல்லாது. காற்று உள்ளே போய் விசிறித் தகடுகளைச் சுழற்றும். சுழற்சி ஒரு சுத்தியலில் சேரும். அந்தச் சுத்தியல் நொடிக்குப் பலமுறை முனையை அடித்து அடித்துத் திருப்பும். அடிபடுவது நட்டு, பிடித்திருக்கிற கைக்கு வருவது அதிர்வு மட்டும். நூறு அழுத்தமும் ஆயிரம் அழுத்தமும் உள்ளங்கைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இதுதான் மாஸ்டரின் மனக்கோளாறுக்கு மூலகாரணம் என்பது என் கட்சி. அத்தனை பெரிய சக்தி இத்தனை சுலபமாகக் கையிலிருந்து வந்தால், அது தன் கையில்தான் இருந்தது என்று எந்த மனிதனுக்கும் தோன்றிவிடும்.

காற்றின் சக்தியைத் தன் சக்தி என்று நம்புகிறவரிடம் அளவு பேச முடியாது. பத்து நட்டு உள்ள லாரிச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 600, 700 நியூட்டன் மீட்டர் போதும். அவர் கையில் இருக்கிற ஒரு இஞ்சு கன் 2000த்தையும் தாண்டிப் போகும். சின்னக் காரின் நட்டுக்கு 100க்கு முன்னேபின்னே. “மீட்டரா? ஏனுங்க சார், ஆட்டோவா ஓட்டறம்?” என்பார். அவருடைய அளவு சத்தம். நட்டு ஓடுகிறவரை ஒரு சத்தம், உட்கார்ந்ததும் சத்தம் மாறும். மாறியதும் விசையை விடவேண்டியது நியாயம். மாஸ்டர் அங்கேதான் கணக்கை ஆரம்பிப்பார். ட்ர்ர்ர், இது டிரைவருக்கு. ட்ர்ர்ர், இது ஓனருக்கு. ட்ர்ர்ர், இது சாமிக்கு.

சாமிக்குப் போட்ட அந்த மூன்றாவது அழுத்தத்தின் பலன் இரண்டு மாதம் கழித்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தொப்பூர் தாண்டி ஏதோ ஓர் இருட்டில் தெரியவரும். காரின் பின்சக்கரம் பஞ்சர். உள்ளே மனைவி, மாமியார், தூங்குகிற குழந்தை, பழனி பஞ்சாமிர்த டப்பா. குடும்பத்தலைவர் டிக்கியைத் திறந்து, கார் கம்பெனி கொடுத்த ஒரு முழ நீளச் சாவியை முதல்முறையாக வெளியே எடுக்கிறார். கையால் தள்ளிப் பார்க்கிறார். காலால் மிதித்துப் பார்க்கிறார். பிறகு காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சாவியின் மேலேயே ஏறி நின்று ஆடுகிறார். நட்டு அசையவில்லை. சாவி வளைகிறது. “நல்லா டைட் பண்ணச் சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்கிறார் உள்ளேயிருந்து மனைவி. மாமியார் எதுவும் சொல்லவில்லை, பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சும் ஓர் அழுத்தம்தான், அதற்கும் மீட்டர் கிடையாது. கடைசியில் கரும்பு லாரி ஒன்று நின்று, அதன் கிளீனர் பைப்பைக் கொண்டுவந்து சொருகி மிதிக்கிறான். டணார் என்ற சத்தத்தோடு வருவது வெறும் நட்டு இல்லை, அது மாட்டியிருந்த ஸ்டட்டில் பாதியையும் பெயர்த்துக்கொண்டு வருகிற நட்டு. அதிகமாக இறுக்கினால் ஸ்டட் இழுபட்டு நைந்துபோகும் என்பது புத்தகத்தில் ஒரு வரி.

நட்டைத் தொடங்குகிற விதமே தனி. இரண்டு மூன்று சுற்று கையால் ஓட்டி, மரை நேராகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கன்னை வைக்க வேண்டும். மாஸ்டர் நட்டைச் சாக்கெட்டிலேயே போட்டு ஸ்டட்டைக் குறிபார்த்து அழுத்திவிடுவார். கோணலாகப் பிடித்தாலும் கன்னுக்குக் கவலையில்லை, புது மரை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். மரை கழன்றது நட்டுக்கா, மனிதருக்கா என்று முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கினால்தான் சக்கரம் கோணாமல் உட்காரும். இவரோ கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி வலமாக ஒரே சுற்று வந்து கும்பிடு போட்டுவிடுவார். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட்டை ஒருதரம் பார்க்கச் சொல்வது நல்ல கடைக்கு அழகு. “நம்ம கை பட்ட வண்டியை வேறொருத்தன் தொடறதா?” என்பது அவருடைய மான உணர்ச்சி.

காது பற்றிச் சொல்ல வேண்டும், சத்தமாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிற நியாஷ் என்ற அரசு நிறுவனம், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்கிறது. 100 டெசிபல் என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் கொஞ்சம் தாராளம், எட்டு மணி நேரத்துக்கு 90. பெரிய கன் 100ஐத் தாண்டுவது சாதாரணம். மாஸ்டரின் பதினைந்து நிமிடம் காலை டீக்கு முன்பே முடிந்துவிடும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கடன். கடையில் எல்லோரும் சைகையில்தான் பேசுவார்கள். இரண்டு விரல் காட்டினால் ஸ்டெப்னி, கையை வட்டமாகச் சுழற்றினால் டீ. வீட்டில் அவர் டிவி பார்த்தால் தெருவே சீரியல் கேட்கும். ஒருநாள் மனைவி போனில் கூப்பிட்டு, பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றார். இவர், “பீஸா? எத்தனை வாங்கறது?” என்று கேட்டதைக் கடையே கேட்டது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட அடைப்பான் நல்லது என்று சொன்னால், “காதை அடைச்சா நட்டு பேசறது எப்படிங்க கேக்கும்?” என்பார். நட்டுகளோடு பேசுகிற ஆளுக்கு வேறென்ன சொல்ல?

பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. அதை மறைக்கக்கூடாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், முருகன் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. ஆயுத பூஜையன்று கன், கம்ப்ரசர், ஜாக்கி, லிவர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது கண்ணாடிக்கும் பொட்டு உண்டு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. மற்ற நாளில் துரு தெறிக்கும்போது மாஸ்டர் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். “போனாலும் ஒண்ணுதானுங்களே போகும்.”

காற்றுக் குழாய் விஷயத்தில் மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. லாரி டயருக்கான கம்ப்ரசரில் 120, 150 பவுண்டு காற்று நிற்கும். கன்னுக்கு வேண்டியது 90தான். அந்த முழுக் காற்றிலேயே சட்டைத் தூசியை ஊதிக்கொள்வார், கடைப் பையனின் தலைமுடியைக் கலைத்து விளையாடுவார். அந்த வேகத்தில் வருகிற காற்று, தோலில் ஒரு சின்னக் காயம் இருந்தால் அதற்குள்ளேயே புகுந்துவிடும். வேலை செய்கிற இடத்தில் விளையாட்டுக்கு என்று உடம்பில் காற்றடித்து, குடல் கிழிந்து உயிர் போன செய்திகள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குழாயின் இணைப்பில் கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பி. பிய்த்துக்கொண்டால் பாம்பாட்டிகூடப் பிடிக்க முடியாத சுழற்சி. சாக்கெட் மாற்றுமுன் காற்றைக் கழற்ற வேண்டும் என்பது முதல் பாடம். மாஸ்டர் கன்னைத் தொடையிடுக்கில் வைத்து, விசையில் விரலை வைத்தபடியே மாற்றுவார். இதைப் பார்த்துதான் பையனும் கற்றுக்கொள்கிறான்.

கன்னின் மேல் பாசம் இல்லாதவர் இல்லை. சனிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் விடுவார், தானும் தேய்த்துக்கொள்வார். அதற்குத் தினமும் நாலு சொட்டு வேண்டும், கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும் என்றால், “தெனமும் எண்ணெய் தேச்சுக் குளிச்சா சளி பிடிச்சுக்கும்” என்று சிரிப்பார். ஐப்பசி மழையில் கன் மூக்கிலிருந்து தண்ணீர் தெளிக்கும். சளி பிடித்தது யாருக்கு என்று அப்போது கேட்கக்கூடாது.

சாயங்காலம் டீக்கடையில் அவர் கண்ணாடித் தம்ளரை விளிம்பில் பிடிக்காமல் அடியோடு சேர்த்துப் பிடிப்பார். சூடு உறைப்பதில்லை. விரல்கள் மரத்துப்போய் வருஷமாகிறது. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்குப் போய், காற்றுச் சுத்தியல் பிடிக்கிறவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை எழுதிவைத்தார். நாமக்கல்லில் அவ்வளவு குளிர் இல்லை, அதனால் விரல் வெளுக்காமல் தப்பிக்கலாம். மரப்பு தப்பவில்லை. மாஸ்டருக்கோ இது தொழிலின் முத்திரை.

அதே டீக்கடையில் போனில் கார் பந்தயம் பார்ப்பார். 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 நொடியில் நாலு சக்கரத்தையும் மாற்றிய வீடியோ அவருக்கு மனப்பாடம். “ஒரு சக்கரத்துக்கு ஒரே நட்டு! நிக்கறது இருபது பேரு! இங்க பத்து நட்டு, நான் ஒருத்தன்” என்பார். அந்த இருபது பேரும் ஹெல்மெட், கையுறை, காதடைப்போடு நிற்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை. காட்டினால், “அவனுகளுக்கு வெயிலா அடிக்குது?” என்று கேட்பார். கத்தாரில்.

போன மாதம் பெரிய டேங்கர் முதலாளி ஒருவர் நிபந்தனை போட்டார்: கன்னால் ஓட்டலாம், ஆனால் கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சில்தான். கடை முதலாளி பீரோவைத் திறந்து, வாங்கிய நாளிலிருந்து பூட்டியே கிடந்த சிவப்புப் பெட்டியை எடுத்தார். ஐடிஐ முடித்து வந்த பையன் அதில் 650 என்று வைத்துக் காட்டினான். அந்த அளவு வந்ததும் டக் என்று சத்தம் வரும், நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் மாஸ்டர் என்றான். மாஸ்டர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் வழக்கப்படி டிரைவர், ஓனர், சாமி மூவருக்கும் கன்னால் போட்டுவிட்டு, ரெஞ்சை முதல் நட்டில் மாட்டிக் கையை வைத்தார். நட்டு ஒரு நூலளவும் நகராமலே டக் என்றது. இரண்டாவது நட்டும் டக். பத்தும் டக்.

“பாத்தீங்களா? தொட்டதும் கரெக்டுன்னு சொல்லுது. வெள்ளைக்காரன் மெஷினே ஒத்துக்கிச்சு.”

அளவுக்கு மேல் எத்தனை இறுகியிருந்தாலும் அந்த ரெஞ்சு டக் என்றுதான் சொல்லும், முதலில் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு மறுபடி போட வேண்டும் என்று பையன் விளக்க ஆரம்பித்தான். மாஸ்டர் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போய்க் கன்னை வானத்துக்குத் தூக்கியிருந்தார்.