பாக்கி 1,080 பகோடா

என் சித்தப்பாவுக்கு ஜாக்சன் துரை என்றால் சி.ஆர். பார்த்திபன்தான். நிஜமாகவே அப்படி ஒரு கலெக்டர் இருந்தார் என்று சொன்னால், "இருந்திருப்பான்ல, படத்தைப் பாத்துட்டுப் பேரு வச்சிருப்பான்" என்பார். 1959-இல் பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தார் என்ற கணக்கு அவருக்கே தவறிவிட்டது. பள்ளிப் பரீட்சையில் 'கட்டபொம்மன் - சிறுகுறிப்பு வரைக' என்ற கேள்விக்கு ஜாக்சன் துரை வசனத்தை ஆச்சரியக்குறிகளோடு எழுதி இரண்டு மார்க் வாங்கியவர். திருத்திய வாத்தியாரும் சிவாஜி ரசிகர்.

சித்தப்பா சொல்லும் சரித்திரம் ரொம்பச் சுருக்கம். வெள்ளைக்காரன் வரி கேட்டான்; இவர் திருப்பிக் கேள்வி கேட்டார்; தூக்கில் போட்டுவிட்டான்.

ஏட்டில் இருப்பது வேறு. 1798 மே மாதக் கணக்குப்படி பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 பகோடா. (தின்கிற பக்கோடா அல்ல, தங்க வராகன்.) அதில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு 1,080-ஐ மட்டும் நிறுத்தி வைத்திருந்தார் கட்டபொம்மன். சல்லிக்காசு தராத வீரர் மூன்றில் இரண்டு பங்கு கட்டியிருந்தார் என்று நான் சொன்னதும், சித்தப்பா என்னை எட்டப்பனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அப்புறம் நடந்தது தாலுகா ஆபீஸ் கதை. ராமநாதபுரத்துக்கு வா என்றார் துரை. வழியில் குற்றாலத்தில் போய் நின்றார் கட்டபொம்மன், பார்க்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார், அங்கேயும் முடியாது. 23 நாள், 400 மைல் துரைக்குப் பின்னாலேயே அலைந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு, சினிமா தராத ஒரு பாசம் இந்த மனிதர்மேல் இங்கேதான் வரும். செப்டம்பரில் ஒருவழியாகப் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்தாராம் துரை.

கட்டபொம்மன் வீட்டில் பேசியது தெலுங்கு. ஜாக்சனுக்கு இங்கிலீஷ். நடுவில் யாரோ ஒரு துபாஷி நின்றிருக்க வேண்டும். படத்து வசனம் நிஜத்தில் பேசப்பட்டிருந்தால் அந்த ஆள் பாடு என்ன ஆகியிருக்கும்? இவர் மீசை துடிக்க, மூச்சு விடாமல் முழங்கி முடிக்கிறார். துபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பணம் கட்டுறதுல ஐயாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம், துரை" என்கிறார். "இவ்வளவு நேரமும் அதையா சொன்னார்?" "மிச்சமெல்லாம் விவசாயம் சம்பந்தமா, துரை."

நிஜப் பேட்டி கைகலப்பில் முடிந்தது. அதில் லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். பிறகு கம்பெனியே விசாரணைக் கமிட்டி போட்டு, தப்பு ஜாக்சன் பேரில்தான் என்று அவரை வேலையை விட்டுத் தூக்கியது. வசனத்துக்கு அசையாத துரை ஃபைலுக்கு விழுந்தார். இதை எந்தத் தியேட்டரில் காட்டி விசில் வாங்குவது?

பின்னால் கம்பெனியோடு சண்டை மூண்டபோது கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆனால் ஊர் வாயில் விழுந்தது எட்டப்பன் பெயர்தான். எட்டயபுரத்தார் யோக்கியர் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை, அவரும் கம்பெனிக்காக விரட்டியவரே. இருந்தாலும் பழி முழுக்க ஒருவர் தலையில் விழ, இன்னொருவர் அலுங்காமல் நழுவிவிட்டார்.

1799 அக்டோபர் 16, கயத்தாறு. தூக்கில் போடவைத்த மேஜர் பானர்மேன் எழுதிய கடிதம் இருக்கிறது. விசாரணை முடிந்து நடந்து போகையில், வலமும் இடமும் நின்ற பாளையக்காரர்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே திடமாக நடந்தாராம். வாய் பேசாத தம்பி ஊமைத்துரையை நினைத்து மட்டும் கலங்கினாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வராமல் அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்றாராம்.

இதைப் படித்துக் காட்டியபோது சித்தப்பா குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, திண்ணையிலிருந்து கிணற்றடி வரை மெதுவாக நடந்தார். வலப்பக்கம் நின்ற என்னை ஒரு பார்வை. இடப்பக்கம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சித்தியை ஒரு பார்வை.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் சித்தி.