ஹைட்ரேஞ்சியாவின் நிறமும் அடுப்புச் சாம்பலின் போக்கும்: ஹட்டன் லயமொன்றை முன்வைத்து

மலையகத் தோட்டக்கலை வரலாறு இதுவரை தவறான வாசல் வழியாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறி இங்கிலாந்துக் காய்கறிகளைப் பயிரிட்ட சாமுவேல் பேக்கரைப் பேசுகிறார்கள். 1861இல் சின்கோனாவுக்காக ஹக்கலையில் தொடங்கிய தோட்டத்தைப் பேசுகிறார்கள். லயத்து அடுப்பை எட்டிப் பார்த்தவர் எவருமில்லை. கோவாவின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

எமது கருதுகோள் இதுதான்: ஒரு காம்பராவின் முன்வாசல் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்தே பின்பக்கத்து லீக்ஸின் பருமனைச் சொல்லிவிடலாம்.

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை என்றால் அதற்குக் கொண்டாட்டம். அந்த மண்ணில் கரைந்து கிடக்கும் அலுமினியத்தை உறிஞ்சித்தான் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. கரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் அளவு 6ஐத் தாண்ட வேண்டும். புளிப்பு மிஞ்சினால் கோவாவின் வேர் முண்டு முண்டாக வீங்கும் நோய் வரும். புளிப்பை முறிக்கத் தோட்ட நிர்வாகம் டொலமைட் போடும். லயம் கவ்வாத்து மிலாறு எரிந்த சாம்பலைப் போடும். அதே சாம்பல் ஹைட்ரேஞ்சியாவின் அடியில் தொடர்ந்து விழுந்தால், அலுமினியம் அடைபட்டுப் பூ மெல்ல மெல்ல ரோஸ் நிறத்துக்கு மாறும்.

ஆகவே வாசலில் நீலம் என்றால் சாம்பல் பின்பக்கம் போகிறது, கரட் நலம். ரோஸ் என்றால் பாத்தி பட்டினி. ரோஸ் வீட்டுப் பெரியம்மாவிடம் விளக்கம் கேட்டோம். "காலையில பெரட்டுக்கு ஓடுறதா, சாம்பலத் தூக்கிக்கிட்டு பின்னால ஓடுறதா தம்பி?" என்றார். இந்தக் கோணம் எந்த மண்ணியல் நூலிலும் இல்லை.

சாம்பல் போடவும் முறை உண்டு. ஆறியபின் சலித்து, மெல்லிசாகத் தூவி, விதை போட ஓரிரு வாரம் முன்னரே மண்ணோடு கொத்திவிட வேண்டும். யூரியா போட்ட கையோடு போட்டால் நைட்ரஜன் ஆவியாகிப் பக்கத்து லயத்துக்குப் போய்விடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு ஆகவே ஆகாது. கிழங்கின் தோலில் சொறி பிடிக்கும். லன்ச் ஷீட் எரித்த சாம்பல் கணக்கிலேயே சேராது.

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்து, டவுன் வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அடுத்து வந்த பூக்களின் நிறத்தை எவரும் குறித்து வைக்காதது இத்துறைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

ஒரே ஒரு சிக்கல். ஹைட்ரேஞ்சியாவில் வெள்ளை இனங்களும் உண்டு. மண் எப்படி மாறினாலும் அவை நீலமாவதில்லை. கடைசிக் காம்பராவில் இருப்பது அதுதான். மிலாறு வேலிக்கு அந்தப் பக்கம் கரட் கை மொத்தத்துக்கு விளைந்து கிடக்கிறது. சாம்பல் எங்கே போகிறது என்று கேட்டால், "என்னா சாம்பலு?" என்கிறார்கள். இரவில் ஒளிந்திருந்து கண்காணிக்கலாம்தான். முள்ளம்பன்றிக்கும் ஆய்வாளருக்கும் வித்தியாசம் தெரியாத நாய் ஒன்று அங்கே இருப்பதால், ஆய்வின் இரண்டாம் பாகம் தாமதமாகிறது.