வாந்தி வளைவு

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வட்டவடையில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் மூடி வைத்திருப்பதும் ஒன்றுதான். மூட்டம் இறங்கிவிடும். தொழுவத்தில் மாடு கத்துவது கேட்கும், மாடு தெரியாது. எதிரே வருவது ஆளா காட்டுமாடா என்பதை மூச்சுவிடும் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம். இப்படிப்பட்ட ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவனை என் அக்கா மகன் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போய், 'வாய்ப்புகளைக் காணும் கண்' என்று பெயர் வைத்த ஒருநாள் வகுப்பில் உட்கார வைத்துவிட்டான். கட்டணத்தை அவனே கட்டியிருந்தான். மதியச் சாப்பாடு உண்டு என்றான். அதனால் போனேன்.

பேச வந்தவர் கோட்டு போட்டிருந்தார். தேனி வெயிலில் அதைக் கழற்றும் வாய்ப்பு அவர் முன்னாலேயே இருந்தது, அவர் கவனிக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் அரைத்தாள் கொடுத்து, "கண் முன்னால் இருந்தும் நீங்கள் கோட்டைவிட்ட மூன்று வாய்ப்புகளை எழுதுங்கள்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பேனா மூடியைக் கடித்தபடி விட்டத்தைப் பார்த்தார்கள். நான் கை தூக்கி இன்னொரு தாள் கேட்டேன்.

முதலில் எழுதியது பூண்டு.

எங்கள் ஊரில் பூண்டு என்பது பயிர் அல்ல, வாசனை. தோண்டியெடுத்த பூண்டைத் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கவிடுவோம். புகை பட்டால்தான் விதைக்குத் தாங்கும். வீடு, போர்வை, பள்ளிக்கூடப் பை, தலைமுடி எல்லாம் அதே வாசனை. மூணாறில் படித்த காலத்தில் நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே வட்டவடைக்காரன் வந்துவிட்டான் என்பது கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்துவிடும். அந்த வாசனைக்குக் காசு உண்டு என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கீழிருந்து வரும் வியாபாரிக்குத் தோன்றியது. விதைக்கு முன்பணம், உரத்துக்கு முன்பணம், மகள் கல்யாணத்துக்கு முன்பணம் என்று கேட்கக் கேட்கக் கொடுப்பார். அறுவடை அன்று விலையையும் அவரே சொல்லிவிட்டு, மூட்டைகளை ஏற்றி வடுகப்பட்டிச் சந்தைக்குப் போய்விடுவார். முன்பணம் வாங்கியவன் விலை பேசினால் நன்றியில்லாதவன் ஆகிவிடுவான் அல்லவா? நாங்கள் நன்றியுள்ளவர்கள்.

ஒரு வருடம் மதுரையில் தங்கச்சி மகளுக்குப் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க மலைப்பூண்டு வேண்டும் என்றார்கள். கடைக்குப் போனேன். ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி, "அசல் கொடைக்கானல் மலைப்பூண்டுண்ணே. ஒரு பல்லை நசுக்கிப் பாருங்க, கண்ணுல தண்ணி வரும்" என்றார் கடைக்காரர். நசுக்காமலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏனென்றால் நான் பல்லைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தேன். தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் செருகி, மிச்சத்தைச் சின்னப் பிள்ளைக்குச் சடை போட்டாற்போல முறுக்கிவிட்டிருந்தது. எங்கள் பஞ்சாயத்திலேயே அப்படி முடிச்சுப் போடுகிறவள் ஒருத்திதான். அவள் என் வீட்டுக்காரி.

"இது எங்க வீட்டுப் பூண்டுங்க" என்றேன்.

"அப்பச் சரியாப்போச்சு, தரம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எத்தனை கிலோ போடட்டும்?" என்றார்.

நான் விற்ற விலைக்கு மூன்று பங்கு கொடுத்து இரண்டு கிலோ வாங்கி வந்தேன். வாய்ப்பைப் பிடிப்பது என்றால் என்ன என்று அந்த வகுப்பு முழுக்கச் சொன்னதை அந்தக் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டார். கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டுக்கெல்லாம் பட்டமா என்று டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தோம். அதே மலைத்தொடர்தான், அதே குளிர்தான், நடுவில் ஒரு மாநில எல்லை, அவ்வளவுதான். 2022 டிசம்பரில் எங்களுக்கும் கிடைத்தது. கேரள அரசுக் கணக்கில் 'காந்தல்லூர் வட்டவட வெளுத்துள்ளி'. பட்டம் வாங்கிய பிறகு எங்கள் பூண்டுக்கு என்னைவிட நீளமான பெயர். தமிழ்நாட்டுக்காரர்கள் எங்களைக் கேரளாக்காரர்கள் என்பார்கள், கேரளாக்காரர்கள் தமிழர்கள் என்பார்கள். பூண்டு ஒன்றுக்குத்தான் இப்போது முறையான ஊர்ச் சான்றிதழ் இருக்கிறது.

அடுத்தது குறிஞ்சி. இதை எழுதத்தான் இரண்டாவது தாள்.

2006இல் பூத்தபோது சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி காரை நிறுத்தி, "குறிஞ்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். "அங்க ஒண்ணும் இல்ல சார், வெறும் புதரு. காய்ஞ்சா நாங்க அடுப்பெரிப்போம்" என்று சொல்லி, பார்க்கிறதென்றால் குண்டளை அணையைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு அரசாங்கம் கொட்டகம்பூர், வட்டவடை கிராமங்களில் 32 சதுர கிலோமீட்டரை அந்தப் புதருக்காகவே குறிஞ்சிமலைச் சரணாலயம் என்று அறிவித்தது.

பன்னிரண்டு வருடம் ஒரு மனிதனுக்குப் புத்தி வரப் போதுமான காலம். எனக்கும் வந்தது. 2018 குறிஞ்சிக்கு ஆறு மாதம் முன்பே தயாராகிவிட்டேன். வீட்டுக்காரியின் செயினை அடகு வைத்து, நீல நிறத்தில் பெரிய தார்ப்பாய், அடுப்பு, இரண்டு பிளாஸ்க், பன்னிரண்டு பெட்டி மேகி எல்லாம் வாங்கினேன். குறிஞ்சி எப்போது மொட்டு வைக்கும் என்று தினமும் மேட்டில் ஏறிப் பார்ப்பேன். ஊரில் வேறு யாரும் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகஸ்டில் மழை பிடித்தது. எப்படிப்பட்ட மழை என்று கேரளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலை சரிந்தது, பெரியவாரைப் பாலம் ஆற்றோடு போனது, மூணாறே தனித்தீவாகிவிட்டது. மூணாறுக்கே ஆள் வராதபோது அதற்கும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் எங்களை யார் எட்டிப் பார்ப்பார்கள்? பன்னிரண்டு பெட்டி மேகியையும் நாங்களே தின்றோம். மூன்றாவது வாரம் ஆட்டுக்கு வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு, என் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மாதக் கடைசியில் அடுப்பு, பிளாஸ்க், தார்ப்பாய் எல்லாவற்றையும் பாதி விலைக்கு என் மச்சினனிடம் தள்ளிவிட்டேன்.

செப்டம்பரில் வெயில் அடித்தது. தப்பிய மொட்டுகள் விரிந்தன. சாலையைச் சீர்செய்ததும் வண்டிகள் வரத் தொடங்கின. மச்சினன் பாத்திரம் கழுவ நேரமில்லாமல் விற்றான். தீபாவளிக்கு அவன் மனைவி கழுத்தில் புதுச் செயின். அடகில் முழுகிப்போன எங்கள் செயினின் ஜாடை அதில் இருந்ததாக என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். அடுத்த பூப்பு 2030. அக்கா மகன் இப்போதே கணக்குப் போடுகிறான். நான் வாயைத் திறப்பதில்லை.

இதையெல்லாம் வாசிக்கச் சொன்னபோது மண்டபம் நன்றாகச் சிரித்தது. பேச்சாளருக்கும் ஒரே மகிழ்ச்சி, அவருக்கு வேண்டிய உதாரணம் நடந்தே வந்திருக்கிறது அல்லவா? எனக்குத்தான் ஒரு சந்தேகம். விட்டவன் கதை இது, சரி. பிடித்தவன் கதையும் எங்கள் மலையில் நிறையக் கிடக்கிறதே!

வெள்ளைக்காரன் பிடித்தான். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு கட்டி இழுத்தான். பிறகு 1908இல் சின்ன ரயிலே விட்டான். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் வரும், அங்கிருந்து கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டே மலைக்கு அடியில் கோட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடி. எவ்வளவு தொலைநோக்கு! 1924 வெள்ளம் ஒரே வாரிச்சுருட்டலில் ரயிலைக் கொண்டுபோய்விட்டது. இப்போது டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் ரயில் எங்கே என்று கேட்டால் சோளம் சுட்டு விற்கிறவர்கள் சோளத்தை நீட்டுவார்கள்.

என் அப்பாவும் பிடித்தார். கிராண்டிஸ் மரம் நடு, களை எடுக்க வேண்டாம், பன்றி தின்னாது, உனக்குப் பதிலாக அதுவே உழைக்கும் என்று யாரோ சொல்ல, அரை ஏக்கரில் அந்த யூகலிப்டஸை நட்டார். உழைக்கத்தான் செய்தது. முதலில் மேட்டு ஊற்றைக் குடித்தது, பிறகு எங்கள் ஊற்றை, அதற்குப் பிறகு பக்கத்து வயல்காரரின் ஊற்றையும். அவர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார். வெட்டலாம் என்று போனால் ஒரு அலுவலகத்தில் நிலத்துக்குச் சீட்டு எங்கே என்றார்கள், இன்னொன்றில் மரத்துக்குச் சீட்டு எங்கே என்றார்கள். மரம் இன்னும் நிற்கிறது. அப்பாதான் இல்லை.

"சார், பிடிச்சதுக்கு அப்புறம் வெள்ளம் வந்தா?" என்று எழுந்து கேட்டேன். அது எதிர்மறைச் சிந்தனை, உட்காருங்கள் என்றார். சாம்பார் நன்றாக இருந்தது.

போடிமெட்டு ஏறி, மூணாறு தொட்டு, ஊருக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. சின்னத்தை கடையில் இறங்கினோம். என் அப்பாவின் கடைசித் தங்கை. வயது எழுபது, படிப்பு கையெழுத்தோடு சரி.

"எங்கடா போய்ட்டு வாரீக?"

அக்கா மகன் விளக்கமாகச் சொன்னான். கட்டணத்தையும் சொன்னான். "அம்புட்டும் கொடுத்தா கண்ணைக் காட்டினாரு? ஆசுபத்திரியில சும்மாவே பாக்குறாகளே" என்றாள்.

சின்னத்தை கடையின் கதை ஊருக்கே தெரியும். மூணாறிலிருந்து வருகிறவர்கள் பாம்பாடும்சோலையைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்குள் வர முடியும். கேரளத்திலேயே மிகச் சின்ன தேசியப் பூங்கா அது, 1.32 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. அதுவரை வளைந்து வளைந்து வந்த வயிறு உள்ளே எவ்வளவு கெஞ்சினாலும் டிரைவர் நிறுத்த மாட்டார். காடு முடிந்து சில வளைவுகளில், ஓரமாக ஒதுங்க இடம் இருக்கும் முதல் திருப்பத்தில், கதவுகள் படபடவென்று திறக்கும். அந்தத் திருப்பத்துக்கு நேர் கீழேதான் சின்னத்தையின் பீன்ஸ் பாத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் கொடிமேல் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, கையில் அரிவாளோடு சண்டைக்குத்தான் மேலே ஏறியிருக்கிறாள். ஏறிப் பார்த்தால் ஏழெட்டு வயதுப் பையன் துவண்டு கிடக்கிறான், அவன் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். மடியில் இருந்த இரண்டு ஸ்ட்ராபெரியைப் பையன் வாயில் வைத்தாள். புளிப்பு பட்டதும் அவன் கண்ணைத் திறந்து இன்னொன்று கேட்டான். போகும்போது அந்த அம்மா ஐம்பது ரூபாயை அவள் கையில் திணித்தாள். சின்னத்தை ரூபாயைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், கீழே பாத்தியைப் பார்த்தாள். அடுத்த வாரம் பீன்ஸைப் பிடுங்கிவிட்டு முழுப் பாத்தியிலும் ஸ்ட்ராபெரி.

நாங்கள் எல்லாரும் காட்சி பார்க்கும் இடமாகத் தேடிக் கடை போட்டோம். அவள் வாந்தி எடுக்கும் இடத்தில் போட்டாள். மூட்டம் இறங்கினால் வருடத்தில் பாதி நாள் காட்சி கிடையாது. வயிறு எல்லாப் பருவத்திலும் புரளும். வாளித் தண்ணீரும் துடைக்கத் துணியும் இலவசம். இஞ்சி டீ, எலுமிச்சை, ஸ்ட்ராபெரிக்குக் காசு. வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்கிறவன் விலை கேட்பதில்லை.

இதைப் பார்த்துத்தான் நான் ஊர்ப்பக்கம் அடுத்த வளைவில் கடை போட்டேன். என் வளைவில் இடம் அதிகம், பலகைகூட அக்கா மகன் பெயின்டில் எழுதிக் கொடுத்தான். வாளி, துணி, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் தயார். இரண்டு ஞாயிறு உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. எல்லாரும் தெம்பாக, சிரித்த முகமாக, என்னைக் கடந்து போனார்கள்.

இரண்டாம் ஞாயிறு ராத்திரி சின்னத்தையிடம் சொல்லி அழுதேன். அவள் வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்: "ஏண்டா மருமகனே, எல்லாத்தையும் ஏங்கிட்ட எறக்கி வச்சுட்டுல்ல போறாக. அப்புறம் ஒன் வாளி எதுக்கு? வகுறு காலியா வர்றவனுக்குப் பசிக்கும்ல. கஞ்சியப் போடு, துவையல வையி. தின்னாமயா போவான்?"

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடியும் முன்பே எழுந்து வீட்டுக்காரியைக் கஞ்சி காய்ச்சச் சொல்லி, பூண்டுத் துவையல் அரைக்கச் சொல்லி, பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். கால் பழகிய வழி. வளைவை நெருங்கும்போது ஏதோ படபடவென்று காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம். நின்று காதைக் கொடுத்தேன். ஆறு மாதம் என் வீட்டுத் திண்ணையில் மடித்து வைத்திருந்த தார்ப்பாய், அதன் சத்தம் எனக்குத் தெரியாதா?

"வாங்க மச்சான்" என்றது மூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல். "சூடாக் கஞ்சி இருக்கு, குடிக்கிறீகளா?"