அண்டா மோரின் அடிமண்டி: ஒரு கூழ்மவியல் விசாரணை

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் என்றால் எல்லாருக்கும் வடம்தான் பேச்சு. பிரெஞ்சு கவர்னர் பிடித்ததும் இன்று துணைநிலை ஆளுநர் பிடிப்பதும். தேரடி மோர்ப் பந்தலை ஆய்வுலகம் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தப் பழியைத் துடைக்கவே இக்கட்டுரை.

சிக்கல் இதுதான். ஒரே அண்டா, ஒரே மோர், ஒரே கரண்டி. ஆனால் வரிசையில் முதல் ஆளுக்கு வெண்ணெய்த் துணுக்கும் கறிவேப்பிலையும். நடுவில் நிற்பவருக்கு உப்புத்தண்ணீர். கடைசி ஆளுக்குக் கெட்டித் தயிர். ஊற்றுகிறவரின் ஓரவஞ்சனை என்பது பொதுமக்கள் கட்சி. அதை இங்கே மறுக்கிறோம். குற்றவாளி கேசின்.

பாலில் இந்தப் புரதம் 100, 200 நானோமீட்டர் உருண்டைகளாக மிதக்கிறது. 1861-இல் தாமஸ் கிரகாம் கூழ்மம் என்று தனியே பிரித்த இனம். எல்லா உருண்டைக்கும் எதிர் மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று அண்டவிடாது. கொழுப்புத் துளிகளுக்கோ பாஸ்போலிப்பிட் போர்வை உண்டு, அதுதான் பால்மமாக்கி. மத்து அந்தப் போர்வையைக் கிழித்ததும் கொழுப்பு ஒன்றுகூடி வெண்ணெயாக மேலே வருகிறது. புளிப்பு ஏறி பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கேசினின் பங்காளிச் சண்டையும் தீர்ந்து, எல்லாம் கட்டிப்பிடித்துத் திரிகின்றன. அப்புறம் அடிக்குப் போகாமல் என்ன செய்யும்?

எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு 1851-லேயே ஸ்டோக்ஸ் விதி எழுதிவிட்டார்: துகளின் விட்டம் இரட்டித்தால் இறங்கும் வேகம் நான்கு மடங்கு, திரவம் நீர்த்தால் இன்னும் வேகம். ஆக, உபயதாரர் குடம் குடமாகத் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, மோர் அவரை அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

ஒப்பீட்டுக்குப் பாகூர்ப் பக்கம் போவோம். நெல்லுக்குப் பேர்போன ஊர், ஆடி மாதம் மாரியம்மனுக்கு வார்ப்பது என்னவோ கேழ்வரகுக் கூழ்தான். வெந்த மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பிவிடுவதால் அதில் ஊற்றிய மோர் இறங்க வழியில்லை. முதல் சொம்பும் கடைசிச் சொம்பும் ஒன்றே. சின்ன வெங்காயம் மட்டும் எந்த விதிக்கும் அடங்காமல் தர்மகர்த்தா சொம்பிலேயே விழுகிறது. அது வேறு துறை.

ஆலைகளில் புளித்த பால் பானம் அடிமண்டாமலிருக்கப் பெக்டின் சேர்ப்பதுண்டு. தர்மப் பந்தலில் பெக்டின் கேட்பது அடாவடி. கையில்தான் கரண்டி இருக்கிறதே. அண்ணே, ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் அடியோடு ஒரு கலக்கு கலக்கிவிட்டு ஊத்துங்க!